படத்தைச் சின்னதாக்கியும் பக்கம் ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது?

ஒரு புடவைக் கடையின் இணையதளம். செல்போனில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றிவிட்டு, "சின்னதாத்தானே வெச்சிருக்கோம், அப்புறம் ஏன் இவ்ளோ நேரம் சுத்துது?" என்று கேட்பார்கள்.

பக்கத்தில் சின்னதாகத் தெரிவது வேறு, கோப்பே சின்னதாக இருப்பது வேறு. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் அகலம் 400 பிக்சல் என்று எழுதினாலும், பிரவுசர் முழுப் படத்தையும் இறக்கிய பிறகுதான் சுருக்கிக் காட்டும். 12 மெகாபிக்சல் படம் என்றால் 4032-க்கு 3024 பிக்சல். செல்போன் திரைகளின் அடர்த்திக்காக இரட்டிப்பாகக் கொடுத்தாலும், 400 பிக்சல் இடத்துக்கு 800 அகலம் தாராளம். அதாவது அகலத்தில் 5 மடங்கு, உயரத்தில் 5 மடங்கு, மொத்தத்தில் தேவையைப் போல 25 மடங்கு பிக்சல்களை வாடிக்கையாளரின் டேட்டாவில் இறக்க வைக்கிறோம். டிபிஐயை (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அச்சுக் கணக்கை) 72 ஆக்கினால் சரியாகிவிடும் என்பது அச்சகத்திலிருந்து வந்த பழக்கம். திரையில் பிக்சல் எண்ணிக்கைதான் கணக்கு.

இதைக் கேட்டதும் எல்லாவற்றையும் 300 பிக்சலுக்கு வெட்டித் தள்ளுகிறவர்களும் உண்டு. சரிகையை விரித்துப் பார்க்காமல் யார் பட்டு வாங்குவார்கள்? செல்போனில் கூகுள் தானாகவே பக்கங்களைப் பரிந்துரைக்கும் 'டிஸ்கவர்' பகுதியில் படம் பெரிதாகத் தெரிய 1200 பிக்சல் அகலமாவது வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. ஒரே படத்தை இரண்டு மூன்று அளவில் வைத்து, 'எஸ்ஆர்சிசெட்' (srcset) என்ற எச்டிஎம்எல் குறிப்பில் அவற்றைப் பட்டியலிட்டு, திரைக்கு ஏற்றதைப் பிரவுசரே எடுத்துக்கொள்ள விடுவதுதான் சரி. மூலப்படத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் ஏற்கெனவே நசுக்கப்பட்டது. அதை மறுபடி ஜேபெக்காகச் சேமித்தால் இன்னும் கெடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

சுருக்கும் முறையிலும் கவனம் வேண்டும். படம் சுருக்கும் மென்பொருளில் 'நியரஸ்ட் நெய்பர்' என்ற முறை பிக்சல்களைத் தாவித் தாவி எடுப்பதால், பொடிக்கட்டம் போட்ட புடவையில் நெசவில் இல்லாத அலைவரிகள் முளைக்கும். பக்கத்துப் பிக்சல்களையும் கலந்து கணக்கிடும் 'லான்சோஸ்' அல்லது 'பைகியூபிக்' தேர்ந்தெடுங்கள்.

'ஆடித் தள்ளுபடி' போஸ்டர் நமக்கே உரிய சிக்கல். செல்போன் அகலத்துக்குச் சுருங்கும்போது முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. தள்ளுபடி 'தளளுபடி' ஆகிவிடும். சலுகை விவரத்தைப் பக்கத்தில் எழுத்தாகவே போடுங்கள். தேடுபொறி படிப்பதற்கும் அதுதான் வசதி.

சிஎஸ்எஸ் கோப்பைச் சுருக்காது என்று தெரிந்ததும் சிலர் எச்டிஎம்எல்லில் இருக்கும் அகலம், உயரத்தையே எடுத்துவிடுகிறார்கள். அவை இடத்தைப் பிடித்து வைப்பதற்காக இருப்பவை. இல்லாவிட்டால் படம் வந்து விழும்போது பக்கம் குதிக்கும், விரல் வேறு பொத்தானில் படும். 'லேசி லோடிங்', அதாவது அந்த இடத்துக்கு உருட்டி வரும்போதுதான் படத்தை இறக்குவது, கீழே இருக்கும் படங்களுக்குத்தான். முகப்பின் பெரிய படத்துக்கும் அதைப் போட்டால், முக்கியப் படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்ற கூகுளின் அளவுகோலை நீங்களே கோட்டை விடுகிறீர்கள்.

வேகத்தை மட்டும் காட்டி கூகுள் தேடலின் முதல் பக்கத்தில் ஏற்றிவிடுவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பக்கத்தில் விஷயம் இருக்க வேண்டும். படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ஆல்ட் வரியில் "அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டு, மாங்காய்ப் பார்டர்" என்று இருப்பதை எழுதினால் போதும்.

பழைய படங்களைச் சுருக்கும்போது கோப்புப் பெயரையும் ஒரேயடியாக மாற்றிவிடாதீர்கள். படத் தேடலில் ஏறியிருப்பது அந்தப் பழைய முகவரி. மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்குத் தானாகத் திருப்பிவிடும் ரீடைரக்ட் போட்டு வையுங்கள்.