ஒருவருக்கு ஒரு ஜோடி கையுறை

முதியோர் இல்லங்களில் பெரியவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மருந்துக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. போன்ற கிருமிகள் எந்த அறிகுறியும் காட்டாமல் ஒருவர் தோலிலும் மூக்கிலும் மாதக்கணக்கில் தங்கலாம். அடுத்த கட்டிலுக்கு அவற்றைக் கொண்டுபோவது பெரும்பாலும் நம் கைதான். அதனால் போட்ட கையுறையோடு அடுத்தவரைத் தொடவே தொடாதீர்கள். கழற்றியதும் சானிடைசரை 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். வயிற்றுப்போக்கு உள்ளவரைக் கவனித்திருந்தால் சோப்பும் தண்ணீரும்தான், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சி. டிஃபிசில் கிருமியின் வித்துகளை சானிடைசரில் உள்ள ஆல்கஹால் கொல்லாது. சிறுநீர்க்குழாய் பொருத்தியவரையோ படுக்கைப்புண் உள்ளவரையோ குளிப்பாட்டும்போது மேலங்கியும் அணியுங்கள்.

இன்னொன்று, இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை: சிறுநீர் கலங்கலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருக்கிறதா என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.