மலையோரத்துக் காருக்கு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் தேர்ந்தெடுக்கும் முறை

காரின் ஒலியமைப்பை மேம்படுத்த விரும்புவோரில் பலர் ஆம்ப்ளிஃபையரைத்தான் முதலில் வாங்குகிறார்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியது ஸ்பீக்கர். அதற்கு எவ்வளவு மின்திறன் வேண்டும் என்பதைப் பார்த்த பிறகே ஆம்ப்ளிஃபையரைத் தேட வேண்டும்.

குமுளியில் குடியிருந்துகொண்டு கம்பத்துக்கும் தேக்கடிக்கும் போய்வரும் எங்களைப் போன்றவர்களுக்கு மழையும் ஒரு கணக்கு. கேரளத்தார் இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவமழையின்போது, கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் நீர் ஸ்பீக்கரின் முதுகில் சொட்டுகிறது. ஆகவே காகிதக் கூம்பைவிட பாலிபுரொப்பிலீன் கூம்பும், அதன் விளிம்பில் ஃபோமைவிட ரப்பரும் இங்கே நெடுநாள் உழைக்கும். கதவுக்குள் டேம்பிங் ஷீட் ஒட்டினால் தகட்டின் அதிர்வு அடங்கி, பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி தெளிவாகும். ஆனால் கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளை எக்காரணம் கொண்டும் அடைத்துவிடக் கூடாது.

முன்கதவுகளுக்கு, உயர்ந்த ஒலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டர் தனியாகப் பிரிந்து வரும் காம்பொனென்ட் வகையையே நான் பரிந்துரைப்பேன். ட்வீட்டரைக் காது உயரத்துக்கு அருகில் பொருத்த முடிவதால், குரல் முழங்காலருகே ஒலிக்காமல் எதிரே இருந்து வருகிறது. பின்கதவுகளுக்கு, ட்வீட்டரும் ஒரே ஸ்பீக்கரில் சேர்ந்தே வரும் கோஆக்ஸியல் போதும். வாங்குவதற்கு முன், கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு உள்ளே எவ்வளவு ஆழம் மிஞ்சுகிறது என்று அளந்துகொள்ள வேண்டும்.

ஸ்பீக்கர் பெட்டியில் பார்க்க வேண்டிய எண்கள் மூன்று: ஆர்எம்எஸ் வாட்ஸ் (தொடர்ந்து தாங்கும் மின்திறன்), ஓம் (மின்தடை), சென்சிடிவிட்டி (குறிப்பிட்ட மின்திறனுக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்ற டெசிபல் அளவு). பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும், ஒரு கணம் மட்டுமே தாங்கும் உச்ச அளவான பீக் வாட்ஸை அப்படியே மறந்துவிடலாம். கடைகளில் யாரும் எடுத்துச் சொல்லாத சென்சிடிவிட்டிதான் என் பார்வையில் மிக முக்கியமானது; ஏனெனில் 3 டெசிபல் குறைந்தால், அதே ஒலியைப் பெற இருமடங்கு மின்திறன் தேவைப்படும். காரோடு வரும் ஹெட் யூனிட் (டேஷ்போர்டிலுள்ள பாட்டுக் கருவி), அதன்மேல் 50 வாட்ஸ் என்று போட்டிருந்தாலும், சானலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, ஏறத்தாழ 15 முதல் 20 வாட்ஸ் ஆர்எம்எஸ்தான் தருகிறது. ஆதலால் ஆம்ப்ளிஃபையர் வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள் 90 டெசிபலுக்கு மேற்பட்ட ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தாலே கணிசமான மாற்றத்தைக் கேட்கலாம்.

ஆம்ப்ளிஃபையர் விஷயத்தில் நான் ஏமாந்ததுண்டு. நான் வாங்கியதன் பெட்டியில் 1000 வாட்ஸ் என்றிருந்தது; அதில் செருகியிருந்ததோ ஒரேயொரு 20 ஆம்பியர் ஃபியூஸ். என்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட் கிடைக்கும் காரில், அந்த ஃபியூஸ் தொடர்ந்து தாங்கும் மின்திறன் 280 வாட்ஸுக்கு மேல் போகாது. அதிலும் அது போன்ற ஏபி கிளாஸ் என்ற பழைய பாணி ஆம்ப்ளிஃபையர் முழு ஒலியில் சுமார் 60 சதவீதத்தைத்தான் ஒலிக்குத் தரும், மிச்சம் வெப்பமாகப் போகும் என்பதால், நான்கு சானலுக்கும் பங்கிட்டால் ஒன்றுக்கு 40 வாட்ஸ் சொச்சமே தேறும். விளம்பரத்தை நம்பாமல் ஃபியூஸை எண்ணிப் பார்ப்பது அன்றிலிருந்து என் வழக்கமாகிவிட்டது. டி கிளாஸ் வகை சூடு குறைவாகவும் உருவில் சிறியதாகவும் இருப்பதால், இருக்கைக்கடியில் வைக்க அதுவே ஏற்றது. ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ் அளவுக்கு ஈடாகவோ சற்றே கூடுதலாகவோ தரும் ஆம்ப்ளிஃபையரை, அதே ஓமில் எவ்வளவு தரும் என்று பார்த்து வாங்க வேண்டும். 2 ஓமில் சொல்லப்பட்ட வாட்ஸை 4 ஓம் ஸ்பீக்கரிடம் எதிர்பார்க்க முடியாது.

மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு இரண்டாம் கியரில் ஏறும்போது என்ஜின் இரைச்சல் தாழ்ந்த ஒலிகளை விழுங்கிவிடுகிறது. அதற்காகக் கதவு ஸ்பீக்கரில் பேஸைக் கூட்டுவது தவறு. தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபரில் இருக்கைக்கடியில் பொருந்தும் சிறிய ஒன்றை வைத்து, கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலிகளைத் தடுக்கும் வடிகட்டி) போட்டால் இரண்டும் நிம்மதியாக வேலை செய்யும்.

வயருக்குச் செலவழிக்கத் தயங்கக் கூடாது. செம்பு பூசிய அலுமினிய வயரும் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். முழுச் செம்பே நல்லது. பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாமல் வயர் எங்கேனும் உரசித் தகட்டைத் தொட்டால் தீப்பற்றும். எர்த் வயரைப் பெயிண்ட் சுரண்டிய தகட்டில் இறுக்க வேண்டும். பவர் வயரை ஒரு பக்கமும், ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஒலியைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயரை மறுபக்கமும் கொண்டுபோனால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது எழும் ‘ஙொய்’ என்ற ஓசை பெரும்பாலும் வராது.

கடைசியாக ஆம்ப்ளிஃபையரிலுள்ள கெயின் திருகு. அது ஒலியைக் கூட்டும் திருகு அன்று. ஹெட் யூனிட் அனுப்பும் வோல்ட்டுக்கு ஆம்ப்ளிஃபையரை இசைவிப்பது. கெயினை முழுவதும் குறைத்து, ஹெட் யூனிட்டின் ஒலியை முக்கால் பங்கு வைத்து, நன்றாகப் பதிவான நாதஸ்வர இசை ஒன்றை ஓடவிட்டு மெல்ல ஏற்றிக்கொண்டே வர வேண்டும். மேல் ஸ்தாயி பிசிறடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து சற்றுக் குறைத்து, அங்கேயே விட்டுவிட வேண்டும்.