கடல் முள்ளெலியில் கன உலோகத்தை அளப்பது எப்படி?

மத்தியதரைக் கடலின் பாறைக் கரைகளில் பாசியையும் பொசிடோனியா கடற்புல்லையும் மேய்ந்து வாழும் பாராசென்ட்ரோட்டஸ் லிவிடஸ் என்னும் கடல் முள்ளெலி (முட்கள் நிறைந்த உருண்டை ஓடுள்ள கடலுயிர்), அதிகம் இடம்பெயராததால், தன்னைச் சூழ்ந்த நீரிலும் உணவிலும் உள்ள காட்மியம், ஈயம், துத்தநாகம் போன்றவற்றை உடலில் சேர்த்து, அந்த இடத்தின் மாசைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆய்விடத்திலிருந்தும் ஒப்பீட்டுக்கான தூய்மையான இடத்திலிருந்தும் ஒரே பருவத்தில், ஒரே அளவுள்ள உயிர்களை எடுங்கள். முட்டையிடும் காலம் நெருங்கும்போது முட்டையோ விந்தோ உருவாகும் உறுப்பான இனச்சுரப்பி பருத்து, உலோகச் செறிவு குறைந்ததுபோலத் தெரியும். பருவத்தைக் குறிப்பிடாத ஒப்பீட்டை நான் நம்புவதில்லை.

எஃகுக் கத்தியிலிருந்து குரோமியமும் நிக்கலும் மாதிரியில் கலக்கக்கூடும் என்பதால், பீங்கான் கத்தியைக் கொண்டு, ‘அரிஸ்டாட்டிலின் விளக்கு’ எனப்படும் ஐந்து பல் தாடையைச் சுற்றி வெட்டித் திறந்தால், ஆரஞ்சு நிற இனச்சுரப்பிகள் ஐந்து மடல்களாகத் தெரியும். குடலிலுள்ள உணவுத் துகள் ஒட்டாமல் அவற்றைப் பிரித்து, குடலையும் மேலோட்டையும் தனித்தனியே, நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய குப்பிகளில் இடுங்கள்.

எடை மாறாத நிலை வரை உலர்த்தி, அமிலப் புகையை வெளியேற்றும் பெட்டிக்குள் வைத்து நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, மிக நுண்ணிய அளவு உலோகத்தையும் தனித்தனியே அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் அளந்து, உலர் எடையில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று பதியுங்கள். ஒவ்வொரு தொகுதியுடனும் திசு சேராத வெற்றுக் கரைசலையும் உலோக அளவு முன்பே சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருளையும் சேர்த்தே அளக்க வேண்டும்.