சீசன் வேலை நிரந்தரமாக வேண்டுமா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ஏப்ரல், மே வந்தால் கடலூர் அண்ணா விளையாட்டரங்கிலும் புதுச்சேரி உப்பளம் மைதானத்திலும் கோடைகாலப் பயிற்சி முகாம்களுக்குப் பிள்ளைகள் வந்து குவிகிறார்கள். புதுச்சேரி கிரிக்கெட் அணி 2018-19 சீசனில் ரஞ்சி கோப்பையில் ஆடத் தொடங்கிய பிறகு, துத்திப்பட்டு மைதானத்தைச் சுற்றி ஸ்கோரிங், மைதானப் பராமரிப்பு, வீடியோ பதிவு என்று வேலைகள் கூடியிருக்கின்றன. செரினிட்டி கடற்கரைப் பக்கம் போனால் சர்ஃபிங் பள்ளிகள். உடற்கல்வி படித்தவர்களும் படித்துக்கொண்டிருப்பவர்களும் இன்டர்ன்ஷிப் என்றோ சீசன் ஆள் என்றோ இவற்றில் சேர்கிறார்கள். இரண்டு மூன்று மாதம் வெயிலில் காய்ந்து உழைத்த பிறகு, "அடுத்த சீசன்ல கூப்பிடறோம் தம்பி" என்ற ஒரே வார்த்தையோடு வீடு திரும்புகிறார்கள். இவர்களில் நல்ல திறமைசாலிகள் நிறையப் பேர் என்பதுதான் வருத்தம்.

முதல் தவறு, சீசனில் நன்றாக உழைத்தாலே வைத்துக்கொள்வார்கள் என்று நம்பி இருந்துவிடுவது. அகாடமி நடத்துபவரின் இடத்தில் இருந்து பாருங்கள். மே மாதம் அவருக்கு வரவு உண்டு. ஜூனில் பள்ளி திறந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் திறந்த மைதானத்தில் நாள்கணக்கில் பயிற்சி இருக்காது. கடலூர்க்காரர்களுக்கு அந்த மழையைப் பற்றி யாரும் சொல்லத் தேவையில்லை. டைவிங் கற்றுத்தருகிறவர்களும் கடல் கலங்கும் அந்த மாதங்களில் பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அப்போது இந்தப் பையனுக்கு எங்கிருந்து சம்பளம் கொடுப்பது? அவர் மனதில் ஓடும் கேள்வி இதுதான். மே மாதம் நீங்கள் எவ்வளவு அருமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்பது இதற்குப் பதிலாகாது.

பதிலை நீங்கள்தான் தயார் செய்ய வேண்டும். ஒரு சின்னக் கணக்கு: முகாமுக்கு வந்த பிள்ளைகளில் 15 பேர், மாதம் 1,000 ரூபாய் கட்டி ஜூனுக்குப் பிறகும் தொடர்ந்தால் 15,000 ரூபாய். உங்கள் சம்பளத்துக்கு ஒரு அடித்தளம் கிடைத்துவிட்டது. ஆனால் ஜூனில் போய் அந்த 15 பேரைத் தேட முடியாது. முகாம் நடக்கும்போதே பெற்றோரிடம் பேசியிருக்க வேண்டும். பிள்ளை எந்தப் பள்ளி, சாயங்காலம் எத்தனை மணிக்கு வீடு திரும்பும், டியூஷன் எந்த நாளில், கூட்டி வரப்போவது அப்பாவா தாத்தாவா என்பதெல்லாம் ஒரு நோட்டில் இருக்க வேண்டும். மழை நாட்களில் எந்தப் பள்ளியின் ஹாலைக் கேட்கலாம், அங்கே என்ன பயிற்சி கொடுக்கலாம் என்றும் யோசித்து வைத்திருங்கள். இதைச் செய்கிற ஆளை அனுப்பிவிட எந்த மாஸ்டருக்கும் மனசு வராது.

அடுத்தது, ஆபீஸ் வேலை என்றாலே ஒதுங்கிப் போவது. ஒரு டோர்னமென்ட் நடக்கிறது என்றால் போலீஸ் அனுமதிக் கடிதம், ஆம்புலன்ஸ், மைதான வாடகை, அம்பயர்களுக்கான வவுச்சர், ஸ்பான்சருக்குக் காட்ட வேண்டிய கணக்கு, உடைந்ததும் மீந்ததுமான சாமான்களின் பட்டியல் என்று பின்னால் ஒரு பெரிய வேலை இருக்கிறது. பரிசளிப்பு விழா முடிந்ததும் சீசன் ஆட்கள் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். மிச்சம் கிடக்கும் அந்தக் கணக்கு வழக்கில் போட்டி நடத்திய சங்கத்தின் செயலாளர் தனியாக மாட்டிக்கொண்டு தவிப்பார். எக்செல் தெரிந்து, ஒரு கடிதத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஒருவர் அந்த வாரம் கூட இருந்தால், அந்த ஆளின் முகம் செயலாளருக்கு மறக்காது. வீரர்களோடு செல்ஃபி எடுப்பதில் கழிகிற நேரத்தை இங்கே செலவிடுங்கள்.

கேட்பதிலும் தவறு நடக்கிறது. கடைசி நாள், எல்லாரும் மாலையும் ஷீல்டுமாக நிற்கும்போது போய், "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க சார்" என்றால் "பார்க்கலாம்பா" என்றுதான் பதில் வரும். பாதி சீசனிலேயே, அவர் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து, திட்டமாகக் கேளுங்கள். "மாஸ்டர், ஜூன்ல இருந்து சாயங்கால பேட்ச்சை நான் பாத்துக்கறேன். பெற்றோர் இத்தனை பேர் சரின்னு சொல்லியிருக்காங்க. மாசச் சம்பளத்துல வச்சுக்க முடியுமா? எப்ப முடிவு சொல்வீங்க?" இதில் வேலை இருக்கிறது, வரவு இருக்கிறது, தேதியும் இருக்கிறது. அந்தத் தேதியில் பதில் வரவில்லையென்றால் ஒரு முறை நினைவுபடுத்துங்கள். அப்புறமும் இழுத்தால் வேறு இடம் பாருங்கள். 'பார்க்கலாம்' என்ற சொல்லை நம்பி அடுத்த படிப்பையோ வேறு வாய்ப்பையோ விட்டுவிடாதீர்கள். 1961ஆம் ஆண்டு தொழில்பழகுநர் (அப்ரென்டிஸ்) சட்டத்தின் கீழ் பயிற்சி முடித்தவருக்குக்கூட, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் தவிர, வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தகுதிச் சான்றிதழ் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் ரொம்ப அதிகம். 2022 செஸ் ஒலிம்பியாட், 2024 கேலோ இந்தியா போன்ற பெரிய போட்டிகளில் தன்னார்வலராக இருந்த சான்றிதழ் நல்லதுதான். பயிற்சியாளர் வேலைக்கு அது தகுதி ஆகாது. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ். நடத்தும் ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் அங்கே உள்ள டிப்ளமோவும் ஒன்றல்ல. டிப்ளமோ கேட்கும் பதவிக்கு ஆறு வாரச் சான்றிதழோடு விண்ணப்பித்துவிட்டு ஏமாந்து நிற்பார்கள். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக நினைப்பவர் பி.பி.எட். (உடற்கல்வி ஆசிரியர் பட்டம்) போன்ற படிப்பை முடித்தே ஆக வேண்டும். அதற்குச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. கால்பந்து என்றால் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் (ஏ.ஐ.எஃப்.எஃப்.) பயிற்சியாளர்களுக்குத் தரும் டி லைசென்ஸில் தொடங்கலாம். சீசன் இல்லாத மாதங்களை இதற்குப் பயன்படுத்துங்கள்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. கடலூரில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி என்பதால், அங்கே வேலை பார்த்தால் அங்கேயே அரசு வேலையும் கிடைக்கும் என்று நினைத்துவிடுகிறோம். புதுச்சேரி அரசுப் பணிகளுக்குப் பொதுவாக அங்கு வசிக்கும் சான்று கேட்பார்கள். கடலூர்ப் பிள்ளைகள் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகத்தோடும் தொடர்பு வைத்துக்கொள்வது அவசியம்.

சரி, வேலை தருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். உடனே தலையாட்டாதீர்கள். சம்பளம் 12 மாதமும் உண்டா, மழை மாதங்களில் பாதியா என்று கேளுங்கள். 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் என்றால் பி.எஃப். பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்.

வைத்துக்கொள்ள முடியாது என்று சொன்னாலும் முகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். அந்த வாரத்திலேயே அனுபவச் சான்றிதழ் கேளுங்கள். நிர்வாகிகள் மாறிவிட்டால் பிறகு கையெழுத்துப் போட ஆள் கிடைப்பது கஷ்டம். "முகாமில் பணியாற்றினார்" என்று ஒற்றை வரி போதாது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர், என்ன பொறுப்பு என்பதெல்லாம் அதில் வர வேண்டும். வேண்டுமானால் வரைவை நீங்களே எழுதிக் கொடுங்கள். அடுத்த கோடைக்கு ஆள் பிடிக்கும் வேலை பள்ளித் தேர்வுகள் முடிவதற்கு முன்பே தொடங்கிவிடும், அதனால் பிப்ரவரியில் ஒரு போன் போடுங்கள்.