பில்டை வேகமாக்க ஒரு தட்டுவடை செட் பாடம்

சேலத்தில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சின்ன திறந்த மூல பைத்தான் திட்டத்தை நடத்துகிறோம். ஒவ்வொரு புஷ்ஷுக்கும், அதாவது கோடில் செய்த மாற்றத்தை கிட்ஹப் தளத்துக்கு அனுப்பும்போதெல்லாம், அதைத் தானாகச் சோதிக்கும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் 11 நிமிடம் ஓடியது. இந்த ஓட்டத்தைத்தான் பில்ட் என்கிறோம். எங்களில் ஒருவர் ஏற்காட்டுக்காரர். "ரிசல்ட் வர்றதுக்குள்ள 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறிடலாம்ங்க" என்பார். பொது ரெப்போவுக்கு (எல்லோரும் பார்க்கக்கூடிய கோடு கிடங்குக்கு) இலவசம்தானே என்று விட்டிருந்தோம்.

முதலில் நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஆக்‌ஷன்ஸ் பக்கத்தில் கடைசியாக ஓடியதைத் திறந்தால், ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் பக்கத்தில் நேரம் இருக்கும். டெஸ்ட்தான் மெதுவென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். பார்த்தால் டெஸ்ட் 2 நிமிடம். லைப்ரரிகளை இறக்கி, கம்பைல் செய்து, நிறுவ 8 நிமிடம்!

அதற்கு மருந்து கேஷ், அதாவது ஒருமுறை இறக்கியதைச் சேமித்து வைத்து மறுபடி எடுத்துக்கொள்வது. நம்மூர் தட்டுவடை செட் கடையில் ஆர்டர் சொன்ன பிறகா தட்டுவடையைச் சுடுகிறார்கள்? அது டப்பாவில் தயாராக இருக்கும். சட்னி தடவி, பீட்ரூட் துருவல் வைப்பதுதான் அப்போதைய வேலை. இங்கும் அப்படியே. பில்ட் எப்படி ஓட வேண்டும் என்று எழுதியிருக்கும் யாமல் கோப்பில், செட்டப்-பைத்தான் ஸ்டெப்பின் வித் பகுதியில், கேஷ் என்று ஒரு வரி சேர்த்து மதிப்பாக பிப் (பைத்தான் லைப்ரரிகளை நிறுவும் கருவி) கொடுங்கள். கோப்பில் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான். வரியை உள்ளே தள்ள ஸ்பேஸ் மட்டும். டேப் தட்டினால் யாமல் ஏற்காது. முதல் ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது, அப்போதுதான் டப்பா நிரம்புகிறது. நிறுவும் வேலை எப்போதும் நடக்கும். நேரம் மிச்சமாவது இறக்குவதிலும் கம்பைலிலும்தான். ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பு (தேவையான லைப்ரரிகளின் பட்டியல்) மாறினால் புது கேஷ் உருவாகும். 7 நாள் யாரும் தொடாத கேஷ் நீக்கப்படும், எனவே மாதம் ஒருமுறை எட்டிப்பார்க்கும் திட்டத்துக்கு இதனால் பெரிய லாபமில்லை. எங்களுக்கு 8 நிமிடம் 2 ஆனது.

அப்புறம், அடுத்தடுத்து புஷ் செய்தால் பழைய ஓட்டத்தை நிறுத்துங்கள். யாமல் கோப்பின் கன்கரன்சி பகுதியில் குரூப் என்பதற்கு ஒரு பெயரும், கேன்சல்-இன்-ப்ராக்ரஸ் என்பதற்கு ட்ரூவும் கொடுத்தால், ஒரே குரூப்பில் புதியது வந்ததும் பழையது நிற்கும். குரூப் பெயரில் கிளையின் (அவரவர் வேலை செய்யும் தனிப் பிரதியின்) பெயர் கட்டாயம் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒருவர் புஷ் இன்னொருவருடைய பில்டை நிறுத்திவிடும்.

டைம்அவுட்-மினிட்ஸ் 15 என்று வையுங்கள். சொல்லாவிட்டால் தொங்கிப்போன ஒரு டெஸ்ட் 360 நிமிடம்வரை ஓடும்.

ஆவணம் மட்டும் மாறினால் பில்டே வேண்டாம் என்று பாத்ஸ்-இக்னோர் போட்டோம். அதில்தான் மாட்டினோம். அந்த பில்ட் தேறினால்தான் ஒரு மாற்றத்தை முதன்மைக் கோடில் சேர்க்க முடியும் என்று முன்பே அமைத்திருந்ததால், ஓடாத பில்டுக்காக ஒரு எழுத்துப்பிழைத் திருத்தம் இரண்டு நாள் 'பெண்டிங்' என்றே நின்றது. சரி என்று அந்த வரியையே எடுத்துவிட்டோம்.