ரிச் டெக்ஸ்ட் எடிட்டர் சேர்க்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக நிரல் எழுதும் ஒருவரின் டெஸ்க்டாப் அப்ளிகேஷனைப் போன வாரம் பார்த்தேன். ஃபார்மில் ரிச் டெக்ஸ்ட் எடிட்டரை, அதாவது போல்டு, பட்டியல், படம் எல்லாம் வைத்து எழுத உதவும் பெட்டியை, இழுத்துப் போட்டிருந்தார். அதில் இருப்பதை அப்படியே டேட்டாபேஸுக்கு அனுப்ப ஒரே ஒரு வரி. பல வருடம் முன்பு நானும் அதே வரியைத்தான் எழுதினேன். போல்டு பட்டன் வேலை செய்யாதது, ஃபான்ட் மாறாதது எல்லாம் ஓட்டிப் பார்த்த அன்றே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எடிட்டர் தருவதை அப்படியே சேமிப்பது

நான் செய்தது விண்டோஸ் ஃபார்ம்ஸில் (விண்டோஸ் அப்ளிகேஷன் எழுத மைக்ரோசாஃப்ட் தரும் கருவித்தொகுப்பு) ஒரு குறிப்பேடு. அதன் எடிட்டரான ரிச்டெக்ஸ்ட்பாக்ஸ் கொடுத்த ஆர்டிஎஃப்பை (போல்டு, ஃபான்ட் முதலியவற்றோடு உரையைச் சேமிக்கும் வடிவம்) டேட்டாபேஸில் ஒரு ஃபீல்டில் போட்டு வைத்தேன். ஆறு மாதம் எந்தக் குறையும் இல்லை. அப்புறம் தேடல் வசதி கேட்டார்கள். 'அம்மா' என்று தேடினால் ஒன்றும் வரவில்லை. திரையிலோ அந்தச் சொல் கண்ணெதிரே இருக்கிறது!

ஆர்டிஎஃப் 1987-இல் வந்த வடிவம். ஆஸ்கி எழுத்துகளை, அதாவது ஆங்கில எழுத்து, எண், குறிகளை மட்டும் வைத்தே எழுதப்படுவது. தமிழ் எழுத்து அதற்குள் யூனிகோட் எண்ணாகத்தான் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவாகத் தந்த எண்) போகும். சேமித்ததைத் திறந்து பார்த்தேன்: 2949, 2990, 3021, 2990, 3006. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் ஒரு கேள்விக்குறி. அதுதான் 'அம்மா'. படங்களும் ஹெக்ஸ் எழுத்துகளாக, பைட் ஒன்றுக்கு இரண்டு எழுத்து வீதம் உள்ளே கிடந்தன.

வேறு எடிட்டருக்கு மாறினால் தீருமா? தீராது. கியூட் (Qt) என்ற கருவித்தொகுப்பின் டெக்ஸ்ட் எடிட்டில் ஒரு சொல் அடித்தாலும் முழு ஹெச்டிஎம்எல் பக்கமே வரும், பத்திக்குப் பத்தி மார்ஜினோடு. ஜாவாவின் ஸ்விங் கருவித்தொகுப்பில் உள்ள எடிட்டருக்குத் தெரிந்தது ஹெச்டிஎம்எல் 3.2 மட்டும். ஒன்று எழுதியதை இன்னொன்று அதே மாதிரி காட்டாது. பழைய குறிப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி, பிசகியதைக் கையால் சரிசெய்து முடிக்க மூன்று வாரம் போனது. இன்றும் அந்த ஒற்றை வரியை யாராவது எழுதினால் எனக்கு எரிச்சல் வருகிறது.

உங்கள் ஆவணத்தில் என்னென்ன இருக்கலாம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்: பத்தி, தலைப்பு, போல்டு, பட்டியல், படம். அதை உங்கள் சொந்த வடிவத்தில், பதிப்பு எண்ணோடு சேமியுங்கள். தேடலுக்கு வெறும் உரை தனியாக இருக்கட்டும். படங்கள் தனிக் கோப்புகளாகவே இருக்கட்டும்.

பேஸ்ட்

வேர்டிலிருந்து ஒட்டினால் அதன் ஃபான்ட், நிறம் எல்லாம் கூடவே வரும். நீங்கள் அனுமதித்ததை மட்டும் உள்ளே விடுங்கள்.

அன்டூ

கியூட்டில் உள்ளடக்கம் முழுவதையும் ஹெச்டிஎம்எல்லாகத் திரும்ப ஏற்றினால் அன்டூ வரலாறு அழிந்துவிடும். சின்னத் திருத்தத்துக்கு இதைச் செய்யவே கூடாது.

கீ அழுத்தத்தை இடைமறிப்பது

வேண்டாம். தமிழில் தட்டச்சு செய்பவருக்கு எழுத்து பாதியில் உடையும்.

எழுத்தை எண்ணுவது

'கி' நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, யூனிகோடில் இரண்டு குறியீடு. போல்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை நீங்களே எண்ணிப் போட்டால், எல்லை அந்த இரண்டுக்கும் நடுவில் விழலாம். 'கி', 'கொ', 'ஸ்ரீ' மூன்றையும் சோதனை உரையில் கட்டாயம் வையுங்கள்.