சமையலறைச் செம்பை வரையும்போது நேரும் பிழைகள்

கொடைக்கானலில் மூடுபனி இறங்கி ஏரிக்கரைக்குப் போய் வரைய முடியாத நாள்களில், சமையலறைப் பித்தளைச் செம்பும் எவர்சில்வர் டம்ளரும் கொத்தாகத் தொங்கும் மலைப்பூண்டும் ஓர் ஓவியருக்குப் போதுமானவை. ஆனால் பலரும் செம்பைப் புளியிட்டுத் தேய்த்து, பட்டுத் துணி விரித்து, அதன்மேல் வைத்துத்தான் வரையத் தொடங்குகிறார்கள். நெளிந்த வயிறும், கழுத்தருகே புள்ளி புள்ளியாக வெட்டிய பாட்டியின் பெயரும்தானே அந்தச் செம்பின் முகம்? அவற்றை மறைத்துவிட்டால் கடைச் செம்புதான் தாளில் மிஞ்சும். இத்தாலியின் போலோன்யாவில் வாழ்ந்து 1964இல் மறைந்த ஓவியர் ஜார்ஜோ மொராண்டி, சில சாதாரணக் குப்பிகளையும் ஜாடிகளையும் இடம் மாற்றி வைத்துப் பல ஆண்டுகள் வரைந்தார்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, கண்ணை விட்டுவிட்டுப் பெயரை வரைவது. பித்தளை என்றதும் கை மஞ்சளைத் தேடுகிறது. பொறுமையாகப் பார்த்தால், கரும்பழுப்புக்கு அருகிலேயே சன்னலின் வெளிர்நீலமும், அடியில் சிவப்புத் தரையின் சாயலும் தெரியும், மஞ்சளோ ஓரிரு கீற்றுகளில்தான் இருக்கும். டம்ளரின் வட்டமான வாயைச் சற்று மேலிருந்து பார்க்கையில் அது நீள்வட்டமாகிறது. அதன் இரு முனைகளையும் கூராக்குவதும், மேசை தட்டையானது என்பதால் அடிப்பாகத்தை நேர்க்கோடாக இழுப்பதும் தவறு. கண்மட்டத்திலிருந்து அதிகம் தாழ்ந்திருப்பதால் அடிவிளிம்பின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

நிழலுக்குக் கறுப்பை அப்படியே பூசினால் படம் செத்துவிடும். அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தைக் கலந்தால் உயிருள்ள சாம்பல் நிறம் கிடைக்கும். பனி வடிகட்டித் தரும் சன்னல் வெளிச்சத்தில் நிழலின் ஓரங்கள் மெல்லக் கரைவது இந்த மலை நமக்குத் தரும் கொடை என்றே நான் கருதுகிறேன். இருட்டாக இருக்கிறதே என்று பல்பைப் போட்டால், ஒரு செம்புக்கு இரண்டு நிழல்கள் விழுந்து அந்த மென்மை கலைந்துவிடும்.

நீர்வண்ணத்தில் வரைபவர்கள் இங்கே அவசரப்படவே கூடாது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாளும் மெதுவாகத்தான் காயும். அரை ஈரத்தில் அடுத்த பூச்சை வைத்தால் ஓரம் சிதறிய திட்டுகள் தோன்றும். புறங்கையைத் தாளில் மெல்ல வைத்துப் பார்த்து, சில்லென்றிருந்தால் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.